உறைந்த ஏரி, ஐந்து படங்கள்

நெகட்டிவ் துண்டை யன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பிடித்தான்.

வெளியே பனி. வடநோர்வேயின் அந்தச் சிறிய ஊரில் அதைவிட நல்ல விளக்கு கிடையாது.

மூன்று நாளாக இதே வேலை. பதினாறு வருடப் படங்கள். மலை, கடல், மலை, வேலி, மறுபடியும் மலை.

ஒன்றிலும் அவள் இல்லை.

மனைவி இறந்த முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் ஒரு கிழமைதான். அன்றைக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தின் அட்டைக்கு அவள் படம் வேண்டும். கலியாணப் படம் இருக்கிறது. அதில் அவளுக்கு இருபத்திரண்டு வயது, யாருக்கும் அடையாளம் தெரியாது. கோயில் திருவிழாப் படங்களில் எங்கோ பின்னால் பாதித் தலை. கடவுச்சீட்டுப் படம் அவளுக்கே பிடிக்காது.

அவளுடைய தம்பி கேதீசன் ஒஸ்லோவிலிருந்து தினமும் போன் எடுத்தான்.

"உலகத்தில இருக்கிற மலையெல்லாம் எடுத்தியள் அத்தான். அக்காவை ஒருக்கா எடுக்கேல்லையோ?"

பிறகு, "குறை நினையாதேங்கோ," என்றான்.

எடுக்கவில்லை.

ஆள் வந்தால் படம் கெட்டுவிடும் என்பது அவன் எண்ணம். மீன் தொழிற்சாலையில் நாள் முழுக்க ஆட்கள்தான். செம்மஞ்சள் உடுப்பு, நீலப் பெட்டி, குளிரில் சிவந்த கைகள். லீவு நாளில் அவனுக்கு நிறமே வேண்டாம் என்றிருக்கும்.

கறுப்பு வெள்ளையில் குளிர் தெரியாது. எந்த நாடு, எந்த வருடம் என்று யாரும் கேட்க முடியாது. நிலம் சும்மா கிடக்கும். அதுதான் அவனுக்குப் பிடித்தது.

"செத்தவீட்டுப் படங்கள்," என்பாள் அவள். சொல்லிக்கொண்டே பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிடுவாள்.

அவன் ஒன்றே ஒன்றுதான் சொல்லிவைத்திருந்தான். வெளிச்சத்துக்காகக் காத்து நிற்கும்போது தன்னைக் கூப்பிடக் கூடாது.

கையில் இருப்பது போன மாசியில் எடுத்தது. வீட்டுக்கு முன்னால் உள்ள ஏரி, உறைந்து கிடக்கிறது. எதிர்க்கரையில் நின்று ஐந்து படம் எடுத்திருந்தான். முதல் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறான். அவன் எடுத்தவற்றில் அதுதான் திறமானது.

பிரிண்ட் போட்டபோது அதில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது. எடுக்கும்போதே பிலிமில் தூசி ஒட்டியிருந்தால் அப்படி வரும். பிளேடு நுனியால் மெல்லச் சுரண்டி எடுத்தான். அரை மணித்தியாலம் பிடித்தது. இப்போது தேடினாலும் அந்த இடம் தெரியாது.

நெகட்டிவில் பனி கறுப்பு. அந்தப் புள்ளி மட்டும் வெளிச்சமாக இருந்தது.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான்.

முதல் படத்தில் புள்ளி வீட்டுக் கரையோரம்.

இரண்டாவதிலும் இருந்தது. கொஞ்சம் உள்ளே வந்திருந்தது.

தூசி நடக்காது.

மூன்றாவதில் ஏரியின் நடுவில். நீளக் கோட்டு. கையும் தலையும் பிரிந்து தெரிந்தன.

நான்காவதிலும் அதே இடம். மலையின் நிழல் மட்டும் பனியில் ஒரு நெல்லளவு நகர்ந்திருந்தது.

அவ்வளவு நகர நாற்பது நிமிடம் வேண்டும். அது அவனுக்குத் தெரியும். அன்றைக்கு அந்த நிழலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஐந்தாவதில் புள்ளி திரும்பவும் கரையில்.

உறையைத் திருப்பினான். அவன் கையெழுத்தில் தேதி. மாசி ஒன்பது.

ஆஸ்பத்திரிக் கடிதம் வந்த நாள்.

அந்தக் கடிதத்தை அவள் அவனுக்குக் காட்டியது பங்குனிக் கடைசியில். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கத்தினான். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்ல வந்தனான். பிறகு சொல்லுவம் எண்டு விட்டிட்டன்."

எங்கே வந்தாய் என்று அவன் கேட்கவில்லை.

போன் அடித்தது. நெகட்டிவைக் கண்ணாடியில் பிடித்தபடியே மற்றக் கையால் எடுத்தான்.

"ஏதும் அகப்பட்டதோ அத்தான்? நாளைக்கு அச்சுக்குக் குடுக்கவேணும்."

"ஓம். ஒண்டு கிடக்கு."

"அப்பாடா. முகம் வடிவாத் தெரியுதோ?"

நான்காவது படம். எள்ளைவிடச் சின்ன வெளிச்சப் புள்ளி.

"தெரியுது," என்றான். "என்னைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறா."