மூன்றாம் பக்கம்

“அனுப்பவே இல்லையா?”

“இல்ல” என்றாள் ஜோமோள், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜெகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘இந்த மலை எங்களுது’ என்று அவன் பாடிய ராப், சூரியநெல்லியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாயில்கூட இருக்கிறது. கொச்சியில் ஒரு மியூசிக் கம்பெனி அதை வெளியிட ஒப்பந்தம் அனுப்பியிருந்தது. எட்டுப் பக்கம். நிரப்பி, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லி இவள் கடையில் கொடுத்துவிட்டுத்தான் மறையூர் திருவிழாவில் பாடப் போனான். நேற்றோடு கெடு முடிந்தது.

“சேச்சி, ஒங்க தம்பி ஜின்சனும் பாடுறான்ல? அதான் அமுக்கி வச்சிட்டீங்க.”

ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த மாரீஸ்வரி சும்மா இருப்பாளா? அவள் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள், தோட்டம் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஜெகன் இருக்கும் அதே லயத்துக்காரி.

“லயத்துப் புள்ள மேல வந்தா யாருக்குத்தான் பொறுக்கும்?”

ஜோமோள் திரும்பினாள். “மூணு நாளா கூப்பிடுறேன். போனை எடுத்தியாடா?”

“சார்ஜரை மறந்துட்டுப் போயிட்டேன்.”

“நல்லாப் போன.”

மேசை டிராயரைத் திறந்தாள். இரண்டு தாள். ஒன்று அவன் நிரப்பிக் கொடுத்த ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கம். இன்னொன்று அதே பக்கம், எதுவும் எழுதாதது.

“அவங்ககிட்ட சொல்லிப் புதுசா வரவழைச்சேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைமும் வாங்கியாச்சு. நீ கையெழுத்துப் போட்ட பேப்பர்ல நான் திருத்தக் கூடாதுல்ல?”

“திருத்துற மாதிரி என்ன எழுதிட்டேன்?”

விரலை வைத்துக் காட்டினாள். பாட்டுக்கு உரிமையாளர் யார் என்று கேட்கும் கட்டம். அதில் அவன் கையெழுத்தில், ‘எஸ்டேட்’.

மாரீஸ்வரி எட்டிப் பார்த்தாள். “சரியாத்தான எழுதியிருக்கான்?”

ஜெகன் தாளை வாங்கிப் பார்த்தான். வீடு, கரண்டு, மாட்டுக் கொட்டகை என்று எதற்கு ஃபாரம் வந்தாலும் அந்தக் கட்டத்தில் அவன் அப்பா எழுதுவது அந்த ஒரு சொல்தான். தாத்தாவும் அதைத்தான் எழுதினார். கை பழகிவிட்டது.

ஜோமோள் பேனாவை நீட்டினாள்.

“மலையைப் பெறகு பாத்துக்கலாம். மொதல்ல பாட்டுக்கு உன் பேரை எழுது.”