படலையில் நின்றவர்கள்

அவள் கதிரையில் இருக்கவில்லை, நின்றாள். முதுகு கதிரையில் பட முடியாது.

"நேற்றும் அடிச்சவர்" என்றாள்.

வட்டமாக இருந்த பெண்கள் யாரும் ஐயோ என்று சொல்லவில்லை. எல்லோரும் ஒரு காலத்தில் இயக்கத்தில் துவக்குத் தூக்கிச் சண்டை பிடித்தவர்கள். பிறகு ஒருவனைக் கட்டி, அவனிடம் அடி வாங்கியவர்கள். வெளியில் சொல்ல முடியாததைச் சனிக்கிழமைகளில் இந்த மாதர் சங்க மண்டபத்தில் சொல்கிறவர்கள்.

தாயிடம் சொன்னாளாம். பொலிசிலும் சொன்னாளாம்.

இரண்டு இடத்திலும் ஒரே கேள்வி. சண்டை பிடிச்சவள்தானே, திருப்பி அடிக்கத் தெரியாதோ?

பொலிஸ்காரன் சிரித்தானாம்.

தெரியும். அவளுக்கு நன்றாகவே தெரியும். அடித்த பிறகு என்ன நடக்கும் என்றும் தெரியும். புனர்வாழ்வு முகாமில் இருந்து வந்தவள் கைநீட்டினாள் என்பார்கள். மகளைப் பறிப்பார்கள். திரும்பவும் உள்ளே போட்டாலும் போடுவார்கள்.

சண்டையில் ஷெல் பட்டு விழுந்த அன்றுகூட அவள் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு கிடக்கவில்லை.

சொல்லும்போது அவளுக்கு அழுகை வரவில்லை.

வெளியே ஹோர்ன் அடித்தது.

அவளுடைய புருஷன் தவராசா. மோட்டார் சைக்கிள் எஞ்சினை நிற்பாட்டாமல் மண்டபத்து வாசல் படலைக்கு வெளியே நின்றான்.

"வாடி வெளியில!"

முதலில் எழும்பியவள் கலைமதி. ஒரு கால் பொய்க்கால். எப்போதும் மெல்லத்தான் நடப்பாள்.

அன்று மெல்ல நடக்கவில்லை.

மற்றவர்களும் போனார்கள். அவளை நடுவில் விட்டு, படலையை மறித்துத் தோளோடு தோள் நின்றார்கள்.

அவன் எல்லோரையும் பார்த்தான். சிரித்தான். போனை எடுத்தான்.

"என்ன, திரும்பவும் இயக்கம் தொடங்கிறியளோ? சீஐடிக்கு ஒரு கோல் எடுத்தாப் போதும். எல்லாரையும் அள்ளிக்கொண்டு போவாங்கள்."

கைக்குழந்தைக்காரி ஒருத்தி பின்னால் நகர்ந்தாள்.

பிறகு பழைய இடத்துக்கே வந்து நின்றாள்.

கலைமதி குரலை உயர்த்தவில்லை.

"எடும். நம்பர் தெரியாட்டிக் கேளும். மாசாமாசம் எங்களுக்குத்தானே எடுத்து விசாரிக்கிறவங்கள். இதில நிக்கிற எல்லாரிட்டயும் அந்த நம்பர் இருக்கு."

அவன் விரல் போனில் அசையாமல் நின்றது.



போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். காறித் துப்பினான். மோட்டார் சைக்கிளைத் திருப்பினான்.

சந்திப் பக்கம் போகவில்லை. வீட்டுப் பக்கம் போனான்.

"மகள் வீட்டில தனிய" என்றாள் அவள்.



கலைமதி படலையைத் தள்ளித் திறந்து, அவன் போன பக்கம் நடந்தாள். மற்றவர்களும் நடந்தார்கள்.

தார் றோட்டு கொதித்தது. மண்டப வாசலில் கழற்றிவிட்ட செருப்பை எடுக்க ஒருத்தியும் திரும்பவில்லை.