கலப்பை இழுத்த இன்ஜின்

ஆல்வினின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், கார்களின் மலையேற்றப் போட்டிக்கு வந்த கோலத்தைப் பார்த்து, பழைய கார் கிளப்பே தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது.

கார் ஓடி வரவில்லை. பக்கத்துப் பண்ணை நெஸ்டா, தன் சாம்பல் நிற டிராக்டரில் அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தாள்.

கிளப் செயலாளர் லேக்கனுக்கு வாயெல்லாம் பல். அந்தக் காரின் இன்ஜினைத்தான் அந்தக் காலத்தில் இந்த மாதிரி சாம்பல் நிற டிராக்டரிலும் வைத்தார்கள் என்று வருஷா வருஷம் குத்திக் காட்டுகிறவர் அவர்.

"கலப்பை இழுத்த இன்ஜின், லேக்கன். அதான் நிக்காம ஓடுது" என்பான் ஆல்வின்.

போன கிறிஸ்துமஸ் விருந்தில் பேச்சு முற்றிவிட்டது. அடுத்த மலையேற்றத்தில் அந்த இன்ஜின் நிற்காமல் உச்சிக்கு ஏறாவிட்டால், கிளப்பிலிருந்து ஆல்வின் பெயரை எடுத்துவிடுவதாக எல்லார் முன்னாலும் லேக்கன் சொல்லிவிட்டார். அவன் அப்பா காலத்திலிருந்து அங்கே இருக்கிற பெயர்.

ஏறும் என்று மட்டும் சொன்னான் ஆல்வின்.

"என்னப்பா, மலை ஏறும்னே. தரையிலயே இழுத்துட்டு வர வேண்டியிருக்கே?" என்றார் லேக்கன்.

"ஏறும்."

நெஸ்டா பக்கம் திரும்பி, உச்சி வரைக்கும் அப்படியே இழுக்கச் சொன்னான். அவளுக்குக் கூச்சம்.

"மானம் போகுது ஆல்வின். என் டிராக்டரைச் சரி பண்ணத் தெரிஞ்சவனுக்கு சொந்தக் காரைச் சரி பண்ண வரலையா?"

இரண்டு வாரம் முன்புதான் அது நடந்தது. அறுத்த புல் வயலில் கிடக்கிறது, மழை வரப் போகிறது, டிராக்டர் பிஸ்டன் உடைந்து நின்றுவிட்டது. நெஸ்டாவின் புருஷன் இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில். புல் நனைந்தால் குளிர்காலத்தில் ஆடுகளுக்குத் தீனி கிடையாது. தன் ஷெட்டில் பழைய சாமான் கிடக்கிறது என்று சொல்லி, ஆல்வின்தான் டிராக்டரை ஓட வைத்தான். மழைக்கு முன்னால் புல் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தது.

"நீ நிறுத்தாம போ. அது போதும்" என்றான்.

டிராக்டர் ஏறியது. கொண்டை ஊசி வளைவில் வெள்ளைக் கார் ஒன்று ஆவி விட்டுக்கொண்டு நின்றிருந்தது. அதையும் தாண்டி, மூச்சு வாங்காமல் உச்சிக்கு வந்துவிட்டது.

அங்கே, தன் காரில் முன்னாலேயே ஏறி வந்துவிட்ட லேக்கன் காத்திருந்தார்.

"டிராக்டர் ஏறிச்சு. உன் இன்ஜின் ஏறலையே. எங்க, என்ன கோளாறுன்னு பாப்போம்."

பானெட்டைத் தூக்கினார். இன்ஜினுக்கு மேல்மூடி இல்லை. பிஸ்டன்கள் இருக்க வேண்டிய இடத்தில் நாலு வெறும் ஓட்டை.

"உள்ள இருந்ததெல்லாம் எங்கப்பா?"

ஆல்வின் கயிற்றை அவிழ்க்கப் போனான். "பேரை எடுத்துக்கங்க. ஏறிச்சுன்னு எனக்குத் தெரியும்."

நெஸ்டா இறங்கி வந்து அந்த ஓட்டைகளைப் பார்த்தாள். பிறகு ஆல்வினைப் பார்த்தாள்.

"ஷெட்ல கிடந்த பழைய சாமானா?" என்றாள் மெதுவாக.

திரும்பிப் போய், இன்னும் சீராக அதிர்ந்துகொண்டிருந்த டிராக்டரின் மேல் கையை வைத்தாள்.

"பேரை எடுக்காதீங்க லேக்கன். அவன் இன்ஜின் ஏறிடுச்சு. இதோ, இதுக்குள்ளதான் ஓடிக்கிட்டிருக்கு."