சுகந்தியின் காது

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டி ஓட்டிச் செவி மங்கியவர்கள் எல்லாரும் காதுபோன் மாட்டியிருந்தார்கள். அதில் பேச்சு தெளிவாகக் கேட்கும். தறியோசையை மட்டும் இரைச்சல் என்று காதுபோன் கம்பெனியின் மென்பொருள் அடக்கிவிடும். வேறு மென்பொருள் போட்டுக்கொள்ளப் புதுக் காதுபோன்கள் இடம் கொடுப்பதில்லை. சுகந்தியுடையது பழசு. அதில் கம்பெனி போட்ட பூட்டைத் திறந்து வேறு மென்பொருளைப் போட்டிருந்தாள். நூல் அறுந்தால் தறியோசை மாறும். அந்த மாற்றம் அவளுக்கு மட்டும் கேட்டது.

"சுகந்தி துணியில ஒரு பழுது காட்டுங்க பாக்கலாம்," என்று முதலாளி சொல்லும்போதெல்லாம் பக்கத்துத் தறிக்காரி தனபாக்கியத்துக்கு வயிறு எரியும். இருபத்தாறு வருஷமாகத் தறி ஓட்டுகிறவள் இங்கே நிற்க, நேற்று வந்தவளுக்குப் பேரா? "அக்கா, உங்க தறியில நூல் அறுந்துருச்சுங்க," என்று சுகந்தி கூப்பிட்டுச் சொல்வதுகூட அவளுக்குக் குத்திக்காட்டுவது போலிருந்தது.

செவ்வாய்க்கிழமை, சுகந்தி பூட்டைத் திறந்திருக்கிறாள் என்று தனபாக்கியம் தன் பேர் சொல்லாமல் காதுபோன் கம்பெனிக்குப் புகார் கொடுத்தாள். வியாழக்கிழமை காலையில் சுகந்தியின் காதுபோன் தானாகவே கம்பெனி மென்பொருளுக்கு மாறிப் பூட்டிக்கொண்டது.

அன்றெல்லாம் சுகந்தி தறிக்குத் தறி ஓடி, குனிந்து குனிந்து நூலைப் பார்த்தாள். தனபாக்கியம் அதை ஓரக்கண்ணால் ரசித்துக்கொண்டே நின்றாள். திடீரென்று சுகந்தி இந்தப் பக்கம் வந்து தனபாக்கியத்தின் துணியைத் தொட்டாள். இரண்டு முழ நீளத்துக்குக் கோடு விழுந்திருந்தது.

"நூல் அறுந்து ரொம்ப நேரமாச்சாட்ட இருக்குதுங்க்கா," என்றாள். "இன்னிக்கு என்ற காதுல விழுகல. மனசுல வெச்சுக்காதீங்க."