உருண்டை வால்

“பதினெட்டு மணி நேரமாச்சு. இனிமே பயமில்ல,” என்றார் தோட்டத்துக்கு வைத்தியம் பார்க்கும் டிரெசர் அமிர்தலிங்கம்.

ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே கட்டிலில் பஞ்சாலை கிடந்தாள். நாக்கு இன்னும் பாதி மரத்திருந்தது. விரல்களை மடக்கிப் பார்த்தாள். ஒவ்வொன்றாக மடங்கின.

பக்கத்து வீட்டுச் செல்லம்மா அன்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் மதியம் பஞ்சாலை தள்ளாடி விழுந்ததைப் பார்த்து, கேட் காவலுக்கு நின்ற மலாய்க்காரர் ஹாசான், “மாபோக் பெலங்காஸ்” என்றாராம். செல்லம்மாவின் காதில் மாபோக், அதாவது போதை, மட்டும்தான் விழுந்தது. கள்ளுக்கடைப் பக்கமே போகாத பஞ்சாலைக்குப் போதையா என்று லயத்து ஆட்களெல்லாம் சிரித்தார்களாம். தெளியட்டும் என்று படுக்க வைத்துவிட்டார்கள்.

டிரெசர் வந்து, அடுப்படியில் கிடந்த பெலங்காஸின் மேலோட்டையும் வாலையும் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியானது. பெலங்காஸ், குதிரை லாடம் போல ஓடுள்ள பிராணி. கடலோரத்தில் பிடிப்பதற்கு வால் மூன்று பட்டையாக இருக்கும். அதன் முட்டையைத் தின்னலாம். ஆற்றுமுகத்துச் சேற்றில் கிடப்பதற்கு வால் உருண்டை. அது விஷம், வேகவைத்தாலும் போகாது. எப்போதும் மலாய்ப் பெண்களிடம் வாங்கும் பஞ்சாலை, இந்த ஞாயிறு லிங்கி ஆற்றோரம் தானே ஒன்றைப் பொறுக்கிவந்திருந்தாள். வாலைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது.

“ரெண்டு வீட்டுக்குப் போதும் அந்த முட்டை. ஒத்தையாத் தின்னுருக்கியேக்கா. என்னைய ஒரு வாய் கூப்பிட்டியா?” என்றாள் செல்லம்மா.

“கூப்பிட்டிருந்தா உனக்கு நான் கட்டிலுக்கு எங்க போறது?” என்றார் டிரெசர்.

பஞ்சாலை சிரிக்கவில்லை. தன் நெரைக்குப் போக வேண்டும் என்று குழறிய நாக்கால் சொன்னாள். அவள் பால் சீவும் மர வரிசை அது, காட்டை ஒட்டிய கடைசி நெரை. விடிந்ததிலிருந்து அவள் கேட்பது அது ஒன்றுதான்.

இரண்டு நாளைக்கு எழுந்திருக்கவே கூடாது என்று டிரெசர் சொல்லிவிட்டார். எழுந்தாலும் பயனில்லை. ஆறு மணிக்கு முள்கம்பி கேட்டைத் திறந்து, ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்து மரம் சீவ அனுப்பிவிட்டு மூடியாயிற்று. காட்டில் ஒளிந்து சர்க்காரோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதற்காக அந்தச் சோதனை. மடியில் ஒரு பிடி சோறு அகப்பட்டாலும் ஜெயில்தான்.

“மரம் என்ன ஓடியா போயிரும்? வேலைப் பைத்தியம்லா இது,” என்றாள் செல்லம்மா.

பஞ்சாலை கூரையைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. உதடு மரத்தது, கை கால் போனது, கடைசியில் இமையும் போனது. காது மட்டும் போகவில்லை. செல்லம்மா, “போயிட்டாளே” என்று அழுதாள். யாரோ குழி வெட்ட ஆள் கேட்டார்கள். மகன் அர்ச்சுனன் சிங்கப்பூரிலிருந்து வந்து மூன்று பிடி மண் போடும்வரை உடம்பு தாங்காது என்றார்கள். இருக்கிறேன், இருக்கிறேன் என்று அவள் உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தாள். சுற்றிலும் ஆட்கள். யாருக்கும் கேட்கவில்லை.

“நீங்க பேசுனது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு,” என்றாள்.

செல்லம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்த விஷம் நரம்பைக் கட்டிப்போடுமே தவிர அறிவைத் தொடாது என்று டிரெசர் விளக்கினார். இரவு முழுக்க அவரும் தோட்டியும் மாறி மாறி அவள் கைகளைத் தூக்கி, மார்பை அழுத்தி மூச்சு வரவழைத்ததையும் சொன்னார். அவருக்கே ஒரு சந்தேகம் இருந்தது.

“அவ்வளவு முட்டையும் உள்ள போயிருந்தா நீ பொழைச்சிருக்க மாட்டே, பஞ்சாலை.”

அவள் விரல்கள் போர்வையைப் பற்றின.

“நெறையத் தின்னவங்களுக்கு என்னங்கய்யா ஆவும்?”

“மூச்சு நின்னுரும். யாராச்சும் விடாம மூச்சுக் கொடுத்தா பொழைக்கலாம். ஒரு நாள் தாண்டிட்டா விஷம் தானா எறங்கிரும்.”

“செத்துட்டாங்கன்னு நெனச்சுட்டா?”

“அப்புறம் என்ன? கேட்டுக்கிட்டே குழிக்குள்ள போவ வேண்டியதுதான்.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். வாசலில் ஹாசான் துப்பாக்கியைத் தோளில் மாட்டியபடி நின்றிருந்தார். மாபோக் அம்மா எழுந்தாளா என்று பார்க்க வந்தவர். இந்தத் தோட்டத்து ஓரத்திலேயே வளர்ந்தவர், தமிழ் தெரியும்.

பஞ்சாலை அவரைப் பார்த்தாள். பிறகு டிரெசரைப் பார்த்தாள்.

“உங்களுக்கு எந்நேரமும் கேட் தொறப்பாங்களாய்யா?”

“எனக்குப் பாஸ் இருக்கு. எதுக்குக் கேக்குறே?”

நாக்கை ஒருமுறை பல்லில் தேய்த்துப் பார்த்துக்கொண்டாள். சொல் தெளிவாக வர வேண்டும்.

“அப்ப உடனே போங்கய்யா. முட்டையில பெரும்பங்கு நேத்துக் காலையில என் பால் வாளிக்கு அடியில ஒளிஞ்சு போச்சு. அர்ச்சுனன் சிங்கப்பூர்ல இல்ல. என் நெரைக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள்ள இருக்கான். செத்துட்டான்னு கூட இருக்குறவங்க மண்ணு போட்டுரப் போறாங்க, அவனுக்கு எல்லாம் கேக்கும்.”