எதிர்த்தரப்பின் சாட்சி

"பாருங்க அண்ணி, பெரிய துரை மாதிரி இறங்குறார் ஆசீர். அதுவும் கம்பெனி கார்ல!"

மாதுரியின் குரல் தொழிலாளர் ஆணையர் அலுவலக வராந்தா முழுக்கக் கேட்டது. வேதவதி நாத்தனாரின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"மெதுவா பேசு. எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். வெட்கப்பட வேண்டியது அவனா, நாமா?"

காரிலிருந்து இறங்கியவன் ஆசீர். வேதவதியின் கணவன் லக்ஷ்மணனோடு துவாக்குடி ஃபேக்டரியில் ஒரே ஷிப்டில் வெல்டிங் வேலை பார்த்தவன். ஸ்ரீரங்கத்தில் இவர்கள் வீட்டு அடுப்படி வரை வந்து, "அண்ணி, ரசம் மிச்சம் இருக்கா?" என்று உரிமையோடு கேட்டவன்.

லக்ஷ்மணன் டேங்குக்குள் மூச்சுத்திணறி இறந்த பிறகு, அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காரியத்துக்கும் வரவில்லை. உறையூரில் ஒருநாள் வேதவதியைப் பார்த்துவிட்டு, சட்டென்று எதிர்ப்பக்கம் போய்விட்டான். போதாக்குறைக்குக் கம்பெனி அவனை சூப்பர்வைசர் ஆக்கியிருந்தது.

"அண்ணன் போனதுல இவனுக்கு ப்ரமோஷன்!" என்றாள் மாதுரி. வக்கீல் வஹீதா ஃபைலோடு வந்ததும் அவள் பக்கம் திரும்பினாள். "மேடம், நம்ம பக்கம் வர பயமா இருந்தா வீட்லயே கிடக்க வேண்டியதுதானே? அவங்க சாட்சியா வரணுமா?"

"அவங்க யாரை வேணும்னாலும் கூப்பிடலாம்மா."

"அப்போ போலீஸ் கேஸ் போட்டது எதுக்கு?"

"அது தனியா நடக்கும், வருஷக்கணக்கா இழுக்கும். இழப்பீட்டுக்கு இந்த இடம்தான். இங்கே இருக்கறது ஒரே கேள்வி. உங்க அண்ணன் கம்பெனி வேலையா டேங்குக்குள்ள இறங்கினாரா, இல்லையா?"

"இது என்ன கேள்வி? பின்ன குளிக்கவா இறங்குவார்?"

"ஷிப்ட் முடிஞ்சதும், உள்ளே விழுந்த செல்போனை எடுக்க அவராவே இறங்கினார்னு அவங்க சொல்றாங்க. சொந்த வேலைன்னு ஆயிட்டா அவங்களுக்குப் பொறுப்பே இல்லை. அந்த நேரத்துல கூட இருந்தது ஆசீர் ஒருத்தர்தான்."

வேதவதி வக்கீலை நெருங்கி வந்தாள். "அவர் அப்படியே சொல்லிட்டார்னா?"

"ஹைகோர்ட்டுக்குப் போகலாம். ஆனா இங்கே பதிவாகற சாட்சியம்தான் அங்கேயும் போகும்."

"ஒரு போனுக்காக செத்தார்னு பதிவாயிடுமா மேடம்? நாளைக்கு என் பையன் கேட்டா என்ன சொல்லுவேன்?"

வஹீதா ஃபைலைத் திறந்து மூடினாள்.

ஆசீர் வராந்தாவில் ஏறினான். கூடவே கம்பெனி மேனேஜரும் அவர்களுடைய வக்கீலும். மாதுரி குறுக்கே போய் நின்றுவிட்டாள்.

"வாங்க சூப்பர்வைசர் சார்! எங்கண்ணனை வித்த காசுல வாங்கின சட்டையா இது? நல்லா எடுப்பா இருக்கு."

ஆசீர் தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போனான்.

மேனேஜர் தன் வக்கீலிடம் சிரித்தார். "பார்த்தீங்களா சார், எவ்வளவு பாசம்! இதைவிட நல்ல சாட்சி நமக்கு எங்கே கிடைப்பான்?"

உள்ளே அதிகாரி முன்னிலையில் விசாரணை ஆரம்பித்தது. கம்பெனி வக்கீல் உற்சாகமாக எழுந்தார்.

"இறந்தவர் குடும்பத்தோட உங்களுக்குப் போக்குவரத்து உண்டா?"

"அவர் இறந்த பிறகு இல்லைங்க."

"போன்ல பேசினது?"

"ஒரு வார்த்தை இல்லைங்க."

"வெளியில உங்களைத் திட்டினாங்களே, அதுதான் உறவு, இல்லையா?" வக்கீல் அதிகாரியிடம் திரும்பினார். "தயவுசெய்து பதிவு பண்ணிக்கணும் ஐயா. அந்தக் குடும்பத்துக்காகப் பேச இவருக்கு எந்தக் காரணமும் கிடையாது. சரி ஆசீர், அன்னிக்கு என்ன நடந்தது?"

வேதவதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஷிப்ட் முடியலைங்க," என்றான் ஆசீர். "உள்ளே வெல்டிங் பாக்கி இருந்துச்சு. மூச்சை அடைக்கிற கேஸ் தங்கியிருக்கும், ஃபேன் போட்டுட்டு இறங்கறேன்னு லக்ஷ்மணன் சொன்னார். லோடு கிளம்பணும், அதுக்கெல்லாம் நேரமில்லை, இறங்குன்னு மேனேஜர்தான் அதட்டினார். போன் எதுவும் விழலைங்க. விழுந்தது அவர்தான்."

மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். வக்கீல் பதறினார். "ஐயா, இவர் அந்தக் குடும்பத்தோட சேர்ந்துக்கிட்டு..."

அதிகாரி கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "எப்போ சார் சேர்ந்தார்? பேச்சே கிடையாதுன்னு இப்பதானே நீங்களே கேட்டுப் பதிவு பண்ண வெச்சீங்க?"

"எனக்குக் கேள்வி எதுவும் இல்லை ஐயா," என்றாள் வஹீதா.

வெளியே வந்தபோது கம்பெனி கார் ஆசீருக்காக நிற்கவில்லை. "நாளைக்கு கேட்டுக்குள்ள காலை வெச்சுப் பாரு," என்ற மேனேஜரின் குரல் மட்டும் நின்றிருந்தது.

வேதவதி ஆசீரின் எதிரே போய் நின்றாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயோ அண்ணி, என்ன இது," என்று ஆசீர் பின்வாங்கினான்.

மாதுரிக்கு அழுகையும் வந்தது, கோபமும் விடவில்லை. "இது என்ன நியாயம் அண்ணே? இப்படிச் செய்யப் போறேன்னு என் காதுல மட்டுமாவது ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா? நான் உங்களை எவ்வளவு கேவலமா திட்டிட்டேன்!"

"சொன்னா நீ திட்டறதை நிறுத்திடுவியேம்மா. நீ திட்டினதை நம்பித்தானே அவங்க என்னைக் கூண்டுல ஏத்தினாங்க!"