எதிர்க்கடைக் கூட்டம்

"இதுங்களெல்லாம் உருப்படுமா, நீயே சொல்லு" என்றார் தையற்காரர், கத்தரிக்கோலைப் பலகை மீது வைத்துவிட்டு.

எதிரே முடிதிருத்தும் கடை. மாலையிலிருந்தே ஒவ்வொருவராக உள்ளே நுழைந்த வண்ணம் இருந்தார்கள். தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று. கதவுத் திரையைத் தாண்டி வந்த கைதட்டல் அவர் செவியைச் சுட்டது.

அவருடைய மனைவி தன் பாதத்துப் புண்ணின் கட்டைச் சரிசெய்தபடி கேட்டாள். "கூட்டம் ஆரம்பிக்கிற நேரமாச்சே, கிளம்பலையா?"

அந்தப் பகுதியின் சிறு மருத்துவமனையை எடுத்துவிட்டுக் கடைத்தொகுதி கட்டப்போகிறார்கள். அன்று மாலை ஊர் மன்றத்தில் நடக்கும் கூட்டத்துக்கு ஐம்பது பேர் வந்து, வேண்டாமென்று கை தூக்கினால் திட்டத்தைக் கைவிடுவதாக நகராட்சியார் சொல்லியிருந்தார்கள். மருத்துவமனை இங்கேயே இருந்தால் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே போய் மருந்து கட்டிக்கொண்டு வந்துவிடலாம். போய்விட்டால் இரண்டு பஸ் மாற வேண்டும்.

"போய்? நாற்காலிங்ககிட்டப் பேசவா? ஒரு மாசமாத் தொண்டை வறளச் சொல்றேன். ஒருத்தன் அசையறானா பாரு. ஓட்டு யாருக்குப் போட்டோம்னு கேட்டா முழிப்பானுங்க. பாட்டுக்காரி வீட்டு நாய்க்கு என்ன பேருன்னு கேளு, டக்குனு சொல்லுவானுங்க."

அவர் சொன்னது பொய்யன்று; முழு மெய்யுமன்று. ஒரு காலத்தில் அந்தக் கூட்டம் அவருடையது. அவர் கடை பெஞ்சில் அமர்ந்து, அவர் நாளிதழை உரக்கப் படித்து விளக்க, வாய் பிளந்து கேட்டவர்கள் அவர்கள். எதிர்க்கடைக்காரன் சுவரில் ஒரு பெட்டியை மாட்டினான், பெஞ்சு காலியாயிற்று. அன்று மூண்ட பொறாமைத் தீ அவிந்தபாடில்லை. ஊசியில் நூல் கோக்கும்போதும் கண் அங்கேதான்.

"அவங்க வராட்டிப் போகட்டும். நீங்க போங்க."

"என் ஒரு கையால என்ன ஆகப்போகுது? படட்டும். அப்பத்தான் என் அருமை தெரியும்."

"படப்போறது என் காலுங்க. சரி, நானாவது போறேன்."

"இந்தக் காலோடயா? பேசாம உட்காரு."

மீண்டும் கைதட்டல். சட்டைக்குப் பொத்தான் தைப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, அந்த வாசலையே நோக்கியிருந்தார். ஒருவரும் வெளியே வரவில்லை. தாம் சொன்னதே சரியென்று ஆக ஆக, அவர் மனக்கசப்புக்குள் ஒரு தித்திப்பும் ஊறியது.

விளக்கேற்றிய பிறகு தெருமுனையில் பேச்சரவம் கேட்டது. முடிதிருத்துபவர் முன்னே வர, பின்னால் அந்தக் கூட்டம் முழுவதும் வந்துகொண்டிருந்தது.

தையற்காரர் திகைத்தார். தொலைக்காட்சி இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

"எங்கேருந்துப்பா வர்றீங்க?"

"மன்றத்துலேருந்துதாண்ணே. பின்வாசல் வழியா ஓடினோம். அவசரத்துல டி.வி.யைக்கூட அணைக்கல."

"இவங்களா? மன்றத்துக்கா?"

"விளம்பரம் வர்றப்பெல்லாம் சத்தத்தைக் குறைச்சிட்டு, நீங்க சொன்னதையே நானும் சொல்லிக்கிட்டிருந்தேன். உங்க மாதிரி பேச எனக்கு எங்கண்ணே வரும்? என்னமோ, காது கொடுத்தாங்க."

மனைவி நொண்டியபடி வாசலுக்கு வந்தாள்.

"என்ன தம்பி ஆச்சு?"

முடிதிருத்துபவர் அவள் கால் கட்டைப் பார்த்தார், தலை குனிந்துகொண்டார்.

"அண்ணன் முன்னாடியே போயிருப்பாருன்னு நினைச்சுத்தான் கூப்பிடாமப் போயிட்டோம் அண்ணி. வந்துடுவாரு, வந்துடுவாருன்னு கை எண்ண விடாமக் கொஞ்ச நேரம் இழுத்தும் பார்த்தோம்."

"அப்புறம்?"

"ஒரே ஒரு கை குறைஞ்சுபோச்சு."